எந்த ரூட்டர் பிட்டை நம்பி வாங்கலாம்? தேக்குக்கும் பிளைவுட்டுக்கும் சேர்த்து ஒரு கேள்வி

மாயூரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மரத்தில் பள்ளமும் ஓரமும் வெட்ட, இதுவரை 6.35 எம்.எம். காலெட் (சுழலும் வெட்டு முனையான பிட்டைக் கவ்வும் பிடி) உள்ள ட்ரிம்மர் என்ற சின்ன ரூட்டரை வைத்துத்தான் வேலை பார்த்தேன். இப்போது அரை அங்குலக் காலெட்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உள்ள பெரிய ரூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதைத் தலைகீழாகப் பொருத்த ஒரு டேபிளும் தயாராகிக்கொண்டிருக்கிறது. தேக்கில் ஒரு பூஜை அலமாரி, அதற்குச் சட்டமும் நடுப்பலகையும் வைத்த கதவுகள், அப்புறம் பிளைவுட்டில் புத்தக அலமாரி. இவைதான் இந்த வருஷத் திட்டம்.

பிட் வாங்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. 35 பிட் கொண்ட பெட்டி ஒன்று கிடைக்கிற விலைக்கு, பெயர் பெற்ற கம்பெனியில் இரண்டு மூன்று பிட்தான் வரும் போலிருக்கிறது. இரண்டிலும் "கார்பைடு" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பிறகு ஏன் விலையில் இவ்வளவு இடைவெளி? முதலில் பெட்டியாக வாங்கிக்கொண்டு, எது தேய்கிறதோ அதை மட்டும் நல்லதாக மாற்றலாமா? கையில் சில 6 எம்.எம். ஷாங்க் (காலெட்டுக்குள் போகும் தண்டு) உள்ள பிட்களும் இருக்கின்றன. அவை புது ரூட்டரில் உதவுமா?

சாணைக்கல்

தம்பி, கோவையில் எங்கள் பட்டறையில் மர வேலைக்கான கார்பைடு டூல்களுக்குச் சாணை பிடித்துக் கொடுக்கிறோம். நீங்கள் சொல்லும் இரண்டு வகையும் என் மேஜைக்கு வருகின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

டங்ஸ்டன் கார்பைடு என்பது பொடியாக இருக்கும் மிகக் கடினமான துகள்களைக் கோபால்ட்டைக் கொண்டு பிணைத்து, அழுத்திச் சூடேற்றி எடுக்கும் பொருள். அந்தத் துகள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு கூர்மையான விளிம்பு நிற்கும். துகள் பெரிதாக இருந்தால் சாணை பிடிக்கும்போதே விளிம்பு ஓரம் ஓரமாக உதிர்ந்துவிடும். கண்ணுக்குக் கூர்மையாகத்தான் தெரியும், மரத்தில் வைத்தால் இழைக்காது, கிழிக்கும். மலிவான பெட்டிகளில் வரும் கார்பைடின் குறை பெரும்பாலும் இதுதான். அதனால் "கார்பைடு" என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

கடையில் பிட்டைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டால் இவற்றைக் கவனியுங்கள். கார்பைடுத் துண்டை எஃகு உடலில் பிரேசிங் செய்து பற்றவைத்த கோடு ஒரே சீராக நிரம்பியிருக்க வேண்டும். குழியோ இடைவெளியோ இருந்தால் அந்தப் பிட்டைத் தொடவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். அந்த இடத்தில் பற்று விட்டுப் போனால் நிமிடத்துக்கு 20,000 சுற்று வேகத்தில் ஒரு கார்பைடுச் சில்லு உங்கள் பக்கம் வரும். அடுத்தது துண்டின் தடிமன். மெல்லிய சீவலாக இருந்தால் ஒரு தடவை சாணை பிடிப்பதற்குள் முடிந்துவிடும். 2 எம்.எம்-க்குக் குறையாமல் இருந்தால் பல தடவை கூர் ஏற்றலாம், அப்போது முதலில் கொடுத்த விலை பெரிதாகத் தெரியாது. கார்பைடின் தட்டையான உள்முகம் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். அதில் சாணைக் கோடுகள் கண்ணுக்கே தெரிந்தால், அந்தக் கோடுகள் அத்தனையும் மரத்தின் மேல் ஏறும்.

ஷாங்கையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். அரை அங்குலம், அதாவது 12.7 எம்.எம். என்றால் 12.7 இருக்க வேண்டும். மேலும் கீழுமாக, திருப்பித் திருப்பி, இரண்டு மூன்று இடத்தில் அளக்க வேண்டும். எங்களிடம் வரும் மலிவுப் பிட்களில் ஷாங்க் முழு வட்டமாக இல்லாதவையும் உண்டு. அதைக் காலெட் எவ்வளவு இறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது, ஓடும்போது அதிரும்.

35 பிட் பெட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் வேலைக்கு வேண்டியது ஐந்தாறு பிட்தான்.

போரூர் இன்டீரியர்

அக்கா சொல்வதில் ஒரு பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்ப்பது சைட் வேலை. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், எல்லாம் பிளைவுட் மேல் ஒட்டிய மைக்கா ஷீட். அங்கே பிட்டுக்கு எதிரி மரம் இல்லை, ஆணி. யாரோ அடித்து விட்டுப்போன பிராட் ஆணி மைக்காவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இத்தாலிப் பிட்டாக இருந்தாலும் உள்ளூர்ப் பிட்டாக இருந்தாலும், ஆணியில் பட்ட நொடியில் கார்பைடு முனை உடையும். கார்பைடு கடினம், ஆனால் அடி தாங்காது. அங்கே போய் விலை உயர்ந்த பிட்டைப் போடுவது வீண் செலவு.

1 எம்.எம். மைக்காவின் விளிம்பைத் தட்டி எடுக்கும் ஃப்ளஷ் ட்ரிம் பிட்டுக்குப் பெரிய சுமையே கிடையாது. நடுத்தர விலையில் டஜனாக வாங்கி வைத்துவிட்டு, மழுங்கினதும் மாற்றிக்கொண்டே போகிறேன். நான் கண்டிப்பாகப் பார்ப்பது, ஓரத்தில் உருண்டு பிட்டுக்கு வழிகாட்டும் பேரிங்கை மட்டும்தான். பசை ஏறிப் பேரிங் இறுகிவிட்டால் அது பிட்டோடு சேர்ந்து சுற்றும், மைக்காவின் மேல் கருகல் கோடு விழும். ஒரு ஷட்டர் (அலமாரிக் கதவு) போச்சு என்றால் பத்துப் பிட்டின் காசு போச்சு. மாற்றுப் பேரிங் தனியாக விற்கிறார்கள், அதை நாலைந்து பையில் போட்டு வைத்திருப்பேன்.

மாயூரத்தான் சார் வீட்டில் தேக்கு வேலை செய்கிறவர், அவருக்குக் கணக்கு வேறு. ஆனால் மலிவுப் பிட்டே தப்பு என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம்.

இழைப்புளி

நான் செங்கோட்டைப் பக்கம். ரூட்டர் வருவதற்கு முன்பே தச்சு வேலைக்கு வந்தவன். நிலைக்கும் கதவுக்கும் ஓடும் பீடிங் என்ற அலங்கார விளிம்பை உருவ இழைப்புளியில் இழுத்த காலம் அது.

தேக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது. மரம் கைக்கு மெதுவாகத்தான் இருக்கும், உளி போட்டால் வெண்ணெயாகப் போகும், ஆனால் விளிம்பைத் தின்றுவிடும். வெறும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற எஃகு) பிட்டைத் தேக்கில் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே மழுங்கி மரம் கருக ஆரம்பிக்கும். தேக்குக்குக் கார்பைடு தவிர வேறு வழி கிடையாது.

அதற்காக எச்.எஸ்.எஸ்-ஸை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பழைய வீட்டில் இருக்கும் பீடிங்கின் உருவத்துக்கு எந்தக் கம்பெனியும் பிட் செய்வதில்லை. எச்.எஸ்.எஸ். என்றால் அந்த உருவத்துக்கு ஏற்ப நாமே சாணையில் பிடித்துக்கொள்ளலாம். கார்பைடில் அது நடக்காது, வைரச் சக்கரம் வேண்டும். புதிதாகக் கூர் ஏற்றிய எச்.எஸ்.எஸ். விளிம்பு கார்பைடைவிடக் கூர்மையாகவும் இருக்கும். மலைவேம்பு, பைன் மாதிரி மெத்தென்ற மரத்தில் அது விட்டுப்போகும் வழுவழுப்பு தனி. கார்பைடில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, கடைசியாக ஒரு மெல்லிய ஓட்டத்துக்கு எச்.எஸ்.எஸ். போடுவது என் வழக்கம்.

பிளைவுட், எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) பக்கம் மட்டும் எச்.எஸ்.எஸ்-ஸைக் கொண்டு போகாதீர்கள். உள்ளே இருக்கும் பசையே அதைச் சாப்பிட்டுவிடும்.

ரைன்கரை

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். 6 எம்.எம். பிட் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் இந்த இழையிலேயே அவசரமான கேள்வி அதுதான்.

ஷாங்க் அளவு நாட்டுக்கு நாடு மாறும். இங்கே சாதாரணமாகக் கிடைப்பது 8 எம்.எம்., பெரிய மெஷினுக்கு 12 எம்.எம். அமெரிக்கா, கனடாவில் கால் அங்குலமும் அரை அங்குலமும், அதாவது 6.35-உம் 12.7-உம். ஜப்பான் மெஷின்களோடு 6-உம் 12-உம் வரும். இந்தியாவில் இவை எல்லாமே ஒரே கடையில் கலந்து கிடக்கின்றன. கண்ணால் பார்த்தால் 6-க்கும் 6.35-க்கும், 12-க்கும் 12.7-க்கும் வித்தியாசம் தெரியாது.

6.35 காலெட்டில் 6 எம்.எம். பிட்டைப் போட்டு இறுக்கினால் இறுகுவதுபோலத்தான் இருக்கும். ஆனால் காலெட் முழு நீளத்துக்கும் பிடிக்காமல் ஓரத்தில் மட்டும் கவ்வும். வேலை நடுவில் பிட் மெல்ல மெல்ல வெளியே இறங்கும், க்ரூவ் (வெட்டும் பள்ளம்) ஆழமாகிக்கொண்டே போகும், இல்லையென்றால் மொத்தமாகக் கழன்று பறக்கும். 12 எம்.எம். பிட்டை 12.7 காலெட்டில் போட்டாலும் இதே ஆபத்துதான். 6 எம்.எம். பிட்களைப் பயன்படுத்த வேண்டுமானால் உங்கள் மெஷினுக்கென்று அதே கம்பெனி விற்கும் 6 எம்.எம். காலெட்டோ, சரியான அளவு ரெட்யூசர் ஸ்லீவோ (காலெட்டுக்குள் செருகும் இடைக்குழல்) வாங்குங்கள். மாஸ்கிங் டேப் சுற்றுவது, தகரம் மடித்து வைப்பது எல்லாம் சில வீடியோக்களில் வருகிறது. தயவுசெய்து அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. ஐரோப்பாவில் இ.என். 847-1 என்று ஒரு பாதுகாப்புத் தரம் இருக்கிறது. கையால் தள்ளி வேலை செய்ய ஏற்ற பிட் என்றால் ஷாங்கில் எம்.ஏ.என். என்ற மூன்று ஆங்கில எழுத்தும், அதிகபட்ச வேகமும் பொறித்திருக்கும். அப்படிப்பட்ட பிட்டில் வெட்டும் விளிம்புக்கு முன்னால் எஃகு உடல் பருமனாக இருக்கும், விளிம்பு அதைத் தாண்டி 1.1 எம்.எம். வரைதான் நீட்டிக்கொண்டிருக்கலாம். கை தவறி வேகமாகத் தள்ளினாலும் ஒரு சுற்றில் அதற்கு மேல் மரத்தைக் கடிக்க முடியாது, அதனால் மெஷின் திமிறித் திருப்பி அடிப்பது குறையும். எம்.இ.சி. என்று இருந்தால் அது தானாகத் தள்ளும் மெஷினுக்கு, கையில் பிடிக்கும் ரூட்டருக்கு ஆகாது. உங்கள் ஊரில் வாங்கும்போதும் ஷாங்கில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். எதுவுமே பொறிக்காத, அதிகபட்ச வேகம்கூடச் சொல்லாத பெரிய பிட்டை நான் வாங்கவே மாட்டேன்.

மாயூரத்தான்

ரைன்கரை சார், 6 எம்.எம். பிட்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். சரியான காலெட் வரும்வரை தொடமாட்டேன்.

சாணைக்கல் அக்கா, ஐந்தாறு பிட் என்றீர்களே, எவை என்று சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் அரை அங்குல ஷாங்கில் வாங்கிவிடலாமா?

வன்னிப்பாலை

தம்பி, நான் வன்னியில் பிறந்து இப்ப கனடாவில் இருக்கிறன். ஊரில் முதிரை, பாலை என்று இரும்பு மாதிரி மரங்களில் வேலை பழகினது, இங்கே மேப்பிளும் ஓக்கும். ஷாங்க் பற்றி நான் சொல்லுறன்.

ஒரு கம்பியின் வளையாத தன்மை அதன் விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். கால் அங்குலத்தை அரை அங்குலமாக்கினால் விறைப்பு 16 மடங்கு. 6 எம்.எம்-இலிருந்து 8 எம்.எம்-க்குப் போனாலே மூன்று மடங்குக்குக் கிட்ட வந்துவிடும். மரத்தின் மேல் சின்னச் சின்ன அலை மாதிரி விழுமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த வளைவும் அதிர்வும்தான். அதனால் டேபிளில் போடப் போகிற எந்தப் பிட்டும் அரை அங்குல ஷாங்கில் இருக்கட்டும். விலையில் பெரிய வித்தியாசமும் இருக்காது.

இரண்டு இடத்தில் மட்டும் கால் அங்குலம் பரவாயில்லை. விளிம்பை வளைவாக மழிக்கும் சின்ன ரவுண்ட் ஓவர், மைக்கா வெட்டும் பிட். இவை ட்ரிம்மரிலேயே கிடக்கட்டும், பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கம்பெனி என்று கேட்டால், இங்கே நான் பாவிப்பது அமெரிக்காவின் வைட்சைட், இத்தாலியின் ஃபிராய்ட், சி.எம்.டி. மூன்றும் நல்லவை. சி.எம்.டி. செம்மஞ்சள் நிறத்தில் வரும், ஃபிராய்ட் சிவப்பு. நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதே நிறத்தில் வேறு யாரும் பூசி விற்கலாம்.

சாணைக்கல்

வன்னிப்பாலை அண்ணன் சொன்ன ஷாங்க் விஷயம் முழுக்கச் சரி. ஃபிராய்ட் இப்போது பாஷ் குழுமத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் வேலைக்கு நான் முதலில் எடுப்பது ஸ்ட்ரெயிட் பிட். 12 எம்.எம்-இல் ஒன்று, 6 எம்.எம்-இல் ஒன்று. (வெட்டும் விட்டத்தைச் சொல்கிறேன், ஷாங்கை இல்லை. கடையில் இரண்டையும் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.) அதன் அடி முனையைத் திருப்பிப் பாருங்கள். அடியிலும் கார்பைடு விளிம்பு இருந்தால்தான் பலகையின் நடுவில் நேராக இறக்க முடியும். பக்க விளிம்பு மட்டும் இருந்தால் ஓரத்திலிருந்துதான் உள்ளே போக வேண்டும். இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு, இறங்கவில்லை, மரம் புகைகிறது என்று எங்களிடம் கொண்டு வருகிறார்கள். கூர் ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து பேரிங் வைத்த ரிபேட் பிட், பலகையின் ஓரத்தில் படி வெட்டுவது. ஒரே பிட்டுக்கு மூன்று நாலு அளவு பேரிங் சேர்த்துக் கொடுப்பார்கள், பேரிங்கை மாற்றினால் ரிபேட்டின் அகலம் மாறும். அலமாரியின் பின்பலகைக்கும் கண்ணாடிக்கும் இதுவே போதும். அப்புறம் டெம்ப்ளேட் வைத்து வெட்டும் பேட்டர்ன் பிட், ஷாங்க் பக்கம் பேரிங் இருப்பது. பூஜை அலமாரியின் மேல் வளைவை எம்.டி.எஃப்-இல் ஒரு தடவை நன்றாகச் செய்துகொண்டால், தேக்கில் எத்தனை வேண்டுமானாலும் அச்சாக எடுக்கலாம். ஒரு ரவுண்ட் ஓவர், ஓரத்தைச் சரிவாக்கும் ஒரு 45 டிகிரி சாம்ஃபர். ஆறாயிற்று.

பிளைவுட்டுக்குக் காசு மிச்சம் இருந்தால் முழுக் கார்பைடு ஸ்பைரல் ஒன்று. இதில் திசை முக்கியம். மேல் நோக்கித் திருகியது தூளை வெளியே தள்ளும், க்ரூவ் சுத்தமாக இருக்கும், ஆனால் ரூட்டர் உட்காரும் முகத்தில் மேல் படலமான வெனீரைப் பிய்க்கும். கீழ் நோக்கித் திருகியது அந்த முகத்தைப் பிசிறில்லாமல் விடும், தூள் மட்டும் க்ரூவுக்குள் அடைத்துக்கொள்ளும், அதனால் ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். புத்தக அலமாரியின் தட்டு உட்காரும் க்ரூவுக்குக் கீழ் நோக்கியதே என் தேர்வு. மேல் நோக்கியது எப்போதும் தன்னையே காலெட்டிலிருந்து வெளியே இழுக்கப் பார்க்கும். தேய்ந்த காலெட்டில் அதைப் போடவே கூடாது.

போரூர் இன்டீரியர்

இந்தக் கடைசி வரியை எல்லோரும் கவனிக்கணும். பிட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள், காலெட்டை வருஷக்கணக்கில் மாற்ற மாட்டார்கள். காலெட்டும் தேய்கிற சாமான்தான். ஷாங்கில் கறுப்பாகவோ காபிக் கொட்டை நிறத்திலோ தடம் விழுந்தால், உள்ளே வழுக்குகிறது என்று அர்த்தம். முதலில் பித்தளைப் பிரஷ் போட்டு உள்ளே தூளைத் துடைக்க வேண்டும், அப்புறமும் தடம் விழுந்தால் புதுக் காலெட்.

பிட்டை அடிவரை முட்டவிட்டு இறுக்குவதும் தவறு. முட்டிய பிறகு ஒரு நூல், அதாவது 3 எம்.எம். மேலே தூக்கி இறுக்கணும். ஷாங்க் முடிந்து வெட்டும் பாகம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சின்ன வளைவு இருக்கும், அதைக் காலெட் கவ்வக் கூடாது. அதற்காக ரொம்பவும் தூக்கிவிடாதீர்கள். ஷாங்கில் முக்கால்வாசியாவது உள்ளே இருக்க வேண்டும்.

மாயூரத்தான்

மிக்க நன்றி. இன்னும் ஒன்று பாக்கி. பூஜை அலமாரிக் கதவுக்குச் சட்டமும் நடுப்பலகையும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார ரெயில் அண்ட் ஸ்டைல் செட்டும், நடுப்பலகையின் ஓரத்தைச் சரிக்க ரெய்ஸ்டு பேனல் பிட்டும் தேவைப்படும் அல்லவா? மூன்றரை அங்குல விட்டத்தில் ஒன்று பார்த்தேன். பார்க்கவே பயமாக இருக்கிறது.

ரைன்கரை

அந்தப் பயம் நியாயமானது. விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை அங்குல விட்டமுள்ள ஸ்ட்ரெயிட் பிட் 24,000 ஆர்.பி.எம்-இல் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடினால் விளிம்பு விநாடிக்கு 16 மீட்டர் போகும். அதே 24,000-இல் மூன்றரை அங்குலப் பிட்டை ஓட்டினால் விநாடிக்கு 112 மீட்டர், மணிக்கு 400 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு எந்தப் பிட்டும் செய்யப்படுவதில்லை. 12,000-க்குக் குறைத்தால் பாதியாகும், அதுவே போதுமான வேகம்.

பொதுவாக நாங்கள் பின்பற்றுவது இது. ஒரு அங்குலம் வரை 24,000. இரண்டு அங்குலம் வரை 18,000. இரண்டரை வரை 16,000. அதற்கு மேல் போனால் 12,000. பிட்டில் வேறு எண் பொறித்திருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வேகம் மாற்ற முடியாத ட்ரிம்மர்கள் 30,000 வரை ஓடுபவை, அவற்றில் பெரிய விட்டப் பிட் எதையும் மாட்டக் கூடாது, ஷாங்க் பொருந்தினாலும் கூடாது. இந்த மூன்றரை அங்குலப் பிட் அரை அங்குல ஷாங்கில், டேபிளில், ஃபென்ஸோடு (பலகையைச் சாய்த்துத் தள்ளும் நேர்த்தடுப்பு) மட்டுமே ஓட வேண்டியது. கையில் பிடித்து ஒருபோதும் இல்லை.

செங்குத்து வகை பேனல் பிட் ஒன்றும் இருக்கிறது. விட்டம் சிறியது, பலகையை நிமிர்த்தி உயரமான ஃபென்ஸில் சாய்த்து ஓட்டுவார்கள். முதல்முறை செய்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். வளைந்த மேல்விளிம்புள்ள பலகைக்கு மட்டும் அது ஒத்துவராது.

இழைப்புளி

ரெயில் அண்ட் ஸ்டைல் செட் வாங்குமுன் மரத்தின் கனத்தை அளந்துவிடுங்கள் தம்பி. கடையில் சாதாரணமாக வரும் செட் எல்லாம் 16-இலிருந்து 22 எம்.எம். கனத்துக்குச் செய்தவை. அலமாரிக் கதவுக்கு அது சரியாக வரும். அதே செட்டை நம்பி ஒன்றேகால், ஒன்றரை அங்குல வாசல் கதவு செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கனத்துக்கென்று நீளமான செட் தனியாக இருக்கிறது. அதிலும்கூட மூலையில் துளையும் நாக்குமாக உள்ளே இறங்கும் மூட்டு வைக்காமல், பிட் வெட்டின அந்தச் சின்னப் பிடிப்பை மட்டும் நம்பி வாசல் கதவு செய்யக் கூடாது. தேக்குக் கதவின் கனம் ஒரு நாள் மூட்டைப் பிரித்துவிடும்.

ஆழத்தை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். பேனல் பிட்டை மூன்று நாலு ஓட்டமாக ஓட்டுங்கள், கடைசி ஓட்டத்துக்கு அரை எம்.எம். மிச்சம் வைத்து நிறுத்தாமல் தள்ளுங்கள். பலகையின் குறுக்கு ஓரங்களை முதலில் ஓட்டிவிடுங்கள், ரேகை ஓடும் நீள ஓரங்களைப் பிறகு. குறுக்கு ஓரத்தின் கடைசியில் பிய்வது, நீள ஓரத்தை ஓட்டும்போது போய்விடும்.

திசையையும் மறக்கக் கூடாது. டேபிளில் வலமிருந்து இடமாக. கையில் பிடித்த ரூட்டரால் பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றும்போது இடமிருந்து வலமாக. மாற்றித் தள்ளினால் பிட் மரத்தின் மேல் ஏறி ஓடும், கூடவே கையும் இழுபடும்.

வன்னிப்பாலை

கருகலைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மரம் கருகினவுடன் எல்லாரும் பிட்டைத்தான் குறை சொல்லுகினம். பிட் மழுங்கியிருக்கலாம், உண்மைதான். ஆனால் கூர்மையான பிட்டும் கருக்கும், மெல்லமாகத் தள்ளினால், மூலையில் நின்று யோசித்தால், பெரிய பிட்டை அதிக வேகத்தில் ஓட்டினால். மேப்பிளில் இது உடனே தெரியும். சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கோ. மெஷின் கீச்சென்று கத்தினால் கொஞ்சம் வேகமாகத் தள்ளலாம், திணறினால் ஆழத்தைக் குறைக்கணும்.

பிட்டின் மேல் மரப்பிசின் ஏறியிருந்தாலும் மழுங்கினது மாதிரியே வெட்டும். தூக்கி எறியுமுன் கழுவிப் பாருங்கோ.

சாணைக்கல்

ஆமாம், எங்களிடம் "கூர் போச்சு" என்று வருவதில் கணிசமானவை வெறும் பிசின் ஏறியவைதான். பேரிங்கையும் திருகையும் கழற்றி வைத்துவிட்டு, பிட்டை மட்டும் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் கலந்த கிண்ணத்தில் ஊறப்போடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்துக் காயவைத்து, துளி எண்ணெய் தடவினால் போதும். பேரிங்கை ஊறப்போடக் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகும். அடுப்பு சுத்தம் செய்யும் காரமான திரவங்களும் வேண்டாம்.

வீட்டிலேயே லேசாகக் கூர் ஏற்ற வேண்டுமென்றால் ஒரு சின்ன வைரத் தகடு வாங்கிக்கொள்ளுங்கள். கார்பைடின் தட்டையான உள்முகத்தை மட்டும், தகட்டின் மேல் படுக்க வைத்து நாலைந்து இழுப்பு. இரண்டு சிறகுக்கும் (வெட்டும் கார்பைடுத் துண்டுக்கும்) ஒரே எண்ணிக்கை. வெளிப்பக்கச் சரிவை ஒருபோதும் தொடாதீர்கள். அங்கேதான் விட்டமும் உருவமும் இருக்கின்றன, அதைத் தொட்டால் பேரிங்கின் மட்டத்துக்கும் விளிம்பின் மட்டத்துக்கும் சம்பந்தம் போய்விடும். விளிம்பில் கண்ணுக்குத் தெரியும் சில்லு உடைந்திருந்தால் அது வீட்டு வேலை இல்லை, சாணைக்குக் கொடுங்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல் இருந்தால் சாணைக்கும் கொடுக்க வேண்டாம், குப்பையில் போடுங்கள்.

பிட்களை ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். கார்பைடும் கார்பைடும் உரசினால் விளிம்பு உடையும். ஒரு மரக்கட்டையில் துளை போட்டு ஒவ்வொன்றையும் நிறுத்தி வையுங்கள். இதற்கு மட்டும் காசே செலவில்லை.

போரூர் இன்டீரியர்

ஆன்லைனில் வாங்குவதைப் பற்றி. பெயர் பெற்ற கம்பெனியின் பெயரிலேயே போலி வருகிறது. எனக்கும் அப்படி ஒன்று வந்தது, பெட்டி அச்சு அசலாக இருந்தது, பிட்டின் ஷாங்கில் எதுவுமே பொறிக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். வந்தவுடன் வெர்னியர் வைத்து அளந்து, பேரிங்கைக் கையால் சுழற்றி, பிரேசிங் கோட்டைப் பார்த்துவிட்டு, பிறகு மெஷினில் போடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும்.

மாயூரத்தான்

இவ்வளவு பொறுமையாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. பெட்டியை விட்டுவிட்டேன். அக்கா சொன்ன ஸ்ட்ரெயிட் இரண்டும், ரிபேட்டும், பேட்டர்ன் பிட்டும் அரை அங்குல ஷாங்கில் முதலில் வாங்குகிறேன். ரவுண்ட் ஓவரும் சாம்ஃபரும் ட்ரிம்மருக்குக் கால் அங்குலத்தில். புத்தக அலமாரி முடிந்த பிறகு ரெயில் அண்ட் ஸ்டைல் செட்டும் செங்குத்துப் பேனல் பிட்டும். தேக்குச் சட்டத்தை இழைத்து 20 எம்.எம். கனத்துக்குக் கொண்டுவரப் போகிறேன், செட்டின் அளவுக்குள் வந்துவிடும். பைக்குள் அடைக்கும் தூசி உறிஞ்சி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அது போதுமா?

ரைன்கரை

இருப்பதை டேபிளுக்கு அடியிலும் ஃபென்ஸுக்குப் பின்னாலும் இணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முகமூடியை விட்டுவிடாதீர்கள். துணியில் செய்ததில்லை, நுண்தூசியைத் தடுக்கும் வகை. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. தேக்குத் தூசி சிலருக்குத் தோல் அரிப்பும் கொடுக்கும். ரூட்டர் கிளப்பும் தூசி ரம்பத்தூளைவிடப் பொடி. காதுக்கும் அடைப்பான் வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடியும்.

இழைப்புளி

20 எம்.எம். நல்ல கனம் தம்பி. நடுப்பலகையை க்ரூவுக்குள் வைக்கும்போது பசை போடாதீர்கள், அகலவாட்டில் இரு பக்கமும் ஒன்றரை எம்.எம். இடம் விட்டு வையுங்கள். தேக்கு அதிகம் அசையாத மரம்தான், ஆனாலும் ஐப்பசி மழையில் கொஞ்சம் உப்பும். பசையைச் சட்டத்தின் மூலைகளுக்கு மட்டும் போடுங்கள். செட் வந்ததும் முதலில் அதே கனத்தில் இழைத்த வேஸ்ட் துண்டில் வெட்டிப் பொருத்தி, இரண்டு முகமும் மட்டமாக வருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிறகு தேக்கை எடுங்கள். அந்தத் துண்டைத் தூர எறிய வேண்டாம். அடுத்த தடவை பிட்டின் உயரத்தை அதை வைத்தே அமைத்துக்கொள்ளலாம்.